உறைமோரும் ஊசிமருந்தும்

முழங்கையிலும் முழங்காலிலும் தலைமயிரின் ஓரங்களிலும் தடித்த திட்டுக்களாகத் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளிப்பொடி தூவினாற்போன்று செதில்கள் படிந்து, நகத்தால் சுரண்டினால் மெழுகுச் சீவலாக உதிர்ந்து, மேலும் சுரண்டினால் குண்டூசி முனையளவு இரத்தப் பொட்டுக்களைக் காட்டும் சரும வியாதி ஒன்று உண்டு. சித்த வைத்தியத்தில் அதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர், ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம்மவர் தோலில் கருநீலமாகவோ சாம்பல் பூத்த கருமையாகவோ தெரியும். குஷ்டரோகத்தோடு சேர்த்துக் குழப்பப்பட்டு வந்த இதனை, வியன்னா நகரத்து ஹெப்ரா என்னும் வைத்தியர் 1841இல் தனி வியாதியென்று பிரித்துக் காட்டினார். தொட்டால் ஒட்டாத வியாதி. ஆயினும் கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தம் இலையைச் சற்றே இழுத்துப் போட்டுக்கொள்வதை இன்றும் காணலாம்.

சருமத்தின் அடித்தட்டில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிப்பது இயல்பு. சொரியாசிஸில் அந்த யாத்திரை நாலைந்து நாளில் முடிந்துவிடுவதால், பக்குவப்படாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. தேகத்தைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சேனை, பகைவன் இல்லாத இடத்தில் போர்முரசு கொட்டுவதே இதற்குக் காரணம். அந்த முரசொலியைச் சுமந்து செல்லும் தூதர்களுள் ஒன்று டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் புரதம். அதனை வழியிலேயே மறித்துப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியே அடாலிமுமாப். ஹியூமிரா என்ற பெயரில் 2002ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கும், 2008இல் சொரியாசிஸுக்கும் அனுமதி பெற்ற இம்மருந்து, உலகிலேயே மிக அதிகமாகப் பணம் ஈட்டிய மருந்தாகப் பல ஆண்டுகள் விளங்கிற்று. அந்தத் தூதன் வேறோரிடத்தில் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்துக் காவல் காப்பவனுமாகையால், முதல் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் எந்த வைத்தியரும் இதனைத் தொடங்குவதில்லை.

ஆஸ்பிரின் மூலக்கூறில் இருப்பவை 21 அணுக்கள். எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை செய்தாலும் ஆஸ்பிரின் ஆஸ்பிரினே. உப்பு எங்கும் உப்பாயிருப்பதைப்போல. காப்புரிமை தீர்ந்ததும் இத்தகைய மருந்தை எவரும் அச்சாகச் செய்து மலிவாக விற்கலாம். அடாலிமுமாபோ ஏறக்குறைய 1330 அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டிய பெரும் புரதம். அதனைக் கண்ணாடிக் குடுவையில் ரசாயனம் கலந்து செய்துவிட முடியாது. சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து வளர்த்த உயிரணுக்களின் சந்ததிக்குள் அதற்கான மரபுக்கட்டளையைப் புகுத்தி, பெரிய எஃகுத் தொட்டிகளில் தீனி கொடுத்து வளர்த்து, அவை சுரப்பதை வடித்தெடுக்கவேண்டும்.

இதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டுச் சமையலறையே போதும். ஒரே மாட்டின் பாலை இரண்டு வீட்டார் வாங்கி, ஒரே உறைமோரில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றி வைத்தாலும், விடியற்காலையில் இரண்டு பாத்திரத்துத் தயிரும் புளிப்பிலும் இறுக்கத்திலும் ஒரு இழையேனும் வேறுபடும். அவ்வளவேன், ஒரே வீட்டில் நேற்றைய தயிரும் இன்றைய தயிரும் வேறுபடும். அதற்காக இன்றையதைத் தயிரன்று என்று எவரும் சொல்வதில்லை. ஆன்டிபாடியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் இப்படியே தொட்டிக்குத் தொட்டி சிறிது மாறும். அசல் கம்பெனியின் மருந்தே, அதன் தயாரிப்பு முறையைத் திருத்தும்போதெல்லாம், தன் பழைய உருவிலிருந்து சற்று விலகியே வந்திருக்கிறது. ஆகவே பிறர் செய்யும் மருந்தை ‘அதுவே இது’ என்னாமல் ‘அதனை ஒத்தது இது’ என்னும் பொருளில் பயோசிமிலர் என்றார்கள். அந்த அடக்கமான பெயரே பிற்பாடு நோயாளிகளின் மனத்தில் சந்தேகத்தைக் கிளப்பிற்று என்பது என் அபிப்பிராயம்.

ஒத்ததென்று நிரூபிப்பது எளிதன்று. புரதத்தின் மடிப்பு, சர்க்கரை, டி.என்.எஃபைப் பற்றும் வலிமை ஆகியவற்றை அசலோடு வைத்து அளந்த பிறகே மனிதரிடம் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்குச் சொரியாசிஸ் நோயாளிகளையே பெரும்பாலும் நாடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு: மூட்டுவாதக்காரர் வேறு மாத்திரையையும் உடன் விழுங்கிக்கொண்டிருப்பார், இவருக்கோ பெரும்பாலும் இந்த ஊசி ஒன்றுதான் மருந்து, குணமும் தோலின்மேல் கண்ணுக்குத் தெரியக் கிடக்கும்.

அடாலிமுமாபின் பயோசிமிலரை உலகில் முதன்முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது, 2014 டிசம்பரில், ஆமதாபாத்தின் ஜைடஸ் கம்பெனி. அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு. ஐரோப்பாவில் காப்புரிமை முடிய 2018 அக்டோபர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

முடிந்த மறுமாதமே டென்மார்க் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் ஆஸ்பத்திரி மருந்துகளை அம்குரோஸ் என்னும் பொது ஸ்தாபனமே டெண்டர் கோரி மொத்தமாக வாங்குகிறது. நவம்பரில், புதிய நோயாளிகளை மட்டுமன்றி, அசல் மருந்தில் சுகமாயிருந்த பழைய நோயாளிகளையும் பயோசிமிலருக்கு மாற்றும்படி ஏற்பாடாயிற்று. டிசம்பருக்குள் நூற்றில் 95 பங்கு மாறிவிட்டது. அடாலிமுமாப் செலவு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறங்கிற்று. மாறியவர்களின் கதி என்ன? சொரியாசிஸ் நோயாளிகள் 726 பேரை, முன்பு அசலிலேயே இருந்தவர்கள், பின்பு மாற்றப்பட்டவர்கள் என இரு கூட்டமாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓராண்டு கழித்தும் தம் மருந்தை விடாதிருந்தவர்கள் ஒன்றில் 92.0 சதவீதம், மற்றதில் 92.1.

ஆனால் எல்லாம் சுகமே என்று சொல்லிவிட மாட்டேன். அடாலிமுமாப் கரைசல்கள் சிலவற்றில் சிட்ரேட் என்னும் உப்பு இருக்கும். அது ஊசி இறங்கும்போது சுரீரென்று எரியும். எரிச்சலில்லாத ஊசிப்பேனாவிலிருந்து எரியும் ஊசிப்பேனாவுக்கு மாற்றப்பட்டவர், மருந்தே மட்டமென்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியுமா? மலிவாயிற்றே, ஆகையால் குணமும் குறைவு என்று நம்பிவிட்டவருக்கு மெய்யாகவே உடம்பு நோகும் என்பதும் வைத்தியர் அறிந்ததே. மாற்றத்துக்கு முன் செவிலியர் பக்கத்தில் அமர்ந்து பத்து நிமிஷம் விளக்கிச் சொல்வதும் சிகிச்சையின் அங்கமே.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே முதல் அடாலிமுமாப் பயோசிமிலருக்கு 2016 செப்டம்பரிலேயே அனுமதி கிடைத்தும், அசல் மருந்தைச் சுற்றி வேலியாக அடுக்கப்பட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளும், அவற்றையொட்டிக் கம்பெனிகள் செய்துகொண்ட ராஜிகளும் வழிவிட்டு அது கடைக்கு வந்தது 2023 ஜனவரி 31ஆம் தேதி. ஐரோப்பாவுக்கு நாலேகால் ஆண்டு பின்னால். தன் முதல் அனுமதியைச் சொரியாசிஸுக்கென்றே பெற்ற உஸ்டெகினுமாப் என்னும் வேறோர் ஆன்டிபாடி மருந்தின் முறை அடுத்து வந்தபோது, அதன் பயோசிமிலர்கள் ஐரோப்பாவில் 2024 ஜூலையிலும் அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் கிடைக்கலாயின. இடைவெளி அரையாண்டாகச் சுருங்கியிருந்தது.