முன்சக்கரம் இழுக்காத டிராக்டர்: கியர்பாக்ஸைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டியவை

தொழி உழவில் பின்சக்கரம் புதைந்து ஒரே இடத்தில் சுழலும்போது, நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரில் அதற்குரிய லிவரைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்த லிவர் விழாமல் போனாலோ, விழுந்தும் முன்சக்கரம் இழுக்காவிட்டாலோ உழவு நின்றுவிடும். நாற்று பறித்து வைத்தவர் பாடு திண்டாட்டம்தான். உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் உழவர்கள் உண்டு. கோளாறு வெளியிலேயே இருக்கலாம் என்பதால் அந்த அவசரம் வீண் செலவில் முடியும்.

லிவர் போட்டபின் எடுக்க வரவில்லை என்றால், முதலில் டிராக்டர் ஓடி வந்த தரையைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை முந்தி உருளும்படியே பொதுவாக அமைக்கப்படுகின்றன. சேற்றில் இந்த வேறுபாடு வழுக்கலில் சரியாகிவிடும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. முன்னும் பின்னும் எதிரெதிராக முறுக்கிக்கொள்ள, உள்ளே பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். லிவரைச் சுத்தியலால் தட்டக்கூடாது, தண்டு வளைந்துவிடும். டிராக்டரைச் சில அடி பின்னோக்கி ஓட்டி, கிளட்சை மிதித்துக்கொண்டு இழுத்தால் முறுக்குத் தளர்ந்து லிவர் வந்துவிடும். கெட்டித்தரைக்கு ஏறுமுன்பே லிவரை எடுத்துவிடுவது நல்லது.

வயலிலும் இதே தொல்லை இருந்தால் டயர்களைப் பார்க்க வேண்டும். பின் டயர் தேய்ந்திருக்க, முன்னால் மட்டும் புது டயர் போட்டால் அந்த முந்தல் அளவுக்கு மீறிவிடும். மலிவாகக் கிடைத்ததென்று வேறு அளவு டயர் மாட்டினாலும் இதே கதிதான். முன் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருப்பது அவசியம்.

லிவர் விழவே இல்லையா? பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். டிராக்டரைச் சிறிது நகர்த்திவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, ஒருவர் லிவரை அசைக்க, மற்றவர் கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள கையைக் கவனிக்க வேண்டும். காய்ந்த சேறு அடைத்திருக்கும், பின் தேய்ந்திருக்கும், தண்டு வளைந்திருக்கும். தண்டைக் கழற்றிவிட்டு அந்தக் கையை மட்டும் அசைத்தால் அது நன்றாக நகருகிறதென்றால் குற்றம் தண்டில்தான். கழுவி, கிரீஸ் இட்டு, நீளத்தைச் சரிசெய்தால் போதும். லிவருக்குப் பதில் சுவிட்ச் உள்ள வண்டிகளில் பியூசையும் ஒயரையும் முதலில் பார்ப்பது நலம்.

லிவர் சரியாக விழுந்தும் முன்சக்கரம் இழுக்காவிட்டால் ஒரு சோதனை உண்டு. சமதளத்தில் மெதுவாக ஓட்டி லிவரைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ் முதல் முன் அச்சு வரை இணைப்பு நன்றாயிருந்தால் சக்கரம் சற்றே ஆடுமேயன்றிச் சுற்றாது. சுற்றினால், அடியில் செல்லும் நீண்ட ஷாப்டின் உறையை நீக்கி மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். ஷாப்ட் அசையாமல் நின்றால் பழுது முன் இணைப்பிலோ முன் அச்சிலோ இருக்கும். ஷாப்டும் கூடச் சுற்றினால் பின் இணைப்பு கழன்றிருக்கலாம், அல்லது உள்ளே பற்கள் சேரவில்லை. இணைப்பிலுள்ள பின்னும் வரிப்பற்களும் முதலில் பார்க்க வேண்டியவை. மாற்ற அதிகம் செலவாகாது. டிராக்டரின் அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கலாகாது. கட்டை முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

பாரம் ஏறும்போது லிவர் தானே கழன்று விழுகிறதென்றால் நிலைமை வேறு. தண்டின் நீளம் சரியாயிருந்தும் அப்படி நேர்ந்தால், உள்ளே நிறுத்தும் ஸ்பிரிங்கோ, கவட்டையோ, பற்களோ தேய்ந்திருக்கும். கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது முன் அச்சின் ஆயிலையும் சிறிது இறக்கிப் பார்க்கச் சொல்லலாம். பால் போல் வெளுத்திருந்தால் வயல் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை.