வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் அடிக்கிறீங்களா? ஒரு ஆடிட்டர் போடற கணக்கு



மார்ச் மாசம் பொறந்துட்டா நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள் மாறிடும். வரி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் பின்னாடி போயிட்டு, "கரன்ட் பில் ஏன் இவ்வளவு வருது?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. வீடியோல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாததால, வீட்டு ஏசியை எப்படி ஓட்டறது, எதுக்குச் செலவு பண்றது, எதுக்குப் பண்ணக் கூடாதுங்கறதை இங்க நிதானமா எழுதறேன். நான் மெக்கானிக் இல்லைங்க. ஆனா ஏசி ரசீதுகளைப் படிக்கத் தெரியும்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கார். ரிட்டர்ன் ஃபைல் பண்றதுக்காக ஒரு ஃபோல்டரைக் கொண்டு வந்தார். பென்ஷன் பேப்பருக்கு நடுவுல மூணு ஏசி ரசீது. மூணு கோடையிலும் "கேஸ் ஃபில்லிங்". 2,800, அடுத்த வருஷம் 3,200, அதுக்கடுத்து 3,500. மொத்தம் 9,500 ரூபாய். "என்ன சார் இது, வருஷம் தவறாம போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "ஏன் தம்பி, வண்டிக்கு பெட்ரோல் போடற மாதிரி இதுக்கும் போட்டாகணும்தானே?"ன்னார்.

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம்.

ஏசி குளிரை உற்பத்தி பண்ணலை

ஏசின்னா ஒரு ஹீட் பம்ப். கிணத்துல இருந்து மோட்டார் தண்ணியை மேல தூக்கற மாதிரி, இது ரூமுக்குள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய கொண்டு போய்க் கொட்டுது. மோட்டார் தண்ணியை உண்டாக்கறதில்லை, இடம் மாத்துது, அவ்வளவுதான். அதனாலதான் 1.5 டன் ஏசி ஒன்றரை கிலோவாட் அளவுக்கு மின்சாரம் எடுத்துக்கிட்டு, ஐந்து கிலோவாட்டுக்கு மேல சூட்டை வெளிய தள்ள முடியுது.

அந்தச் சூட்டைச் சுமந்துக்கிட்டு உள்ளுக்கும் வெளிக்கும் சுத்திக்கிட்டே இருக்கிறதுதான் கேஸ். சீல் பண்ண செம்புக் குழாய்க்குள்ள அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப ஓடுது. பெட்ரோல் எரிஞ்சு தீர்ந்து போகும், இது எரியறதே இல்லை. அப்போ கேஸ் குறைஞ்சிருக்குன்னா, எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் அடிச்சா, அது பஞ்சர் ஒட்டாம காத்து மட்டும் அடிக்கிற கதை. அடுத்த கோடையில மறுபடியும் போன் பண்ணுவீங்க.

இன்னொரு கொடுமை என்னன்னா, கூலிங் குறைஞ்ச பல வீடுகள்ல கேஸ் குறைஞ்சே இருக்காது. ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும், அவுட்டோர் யூனிட்டோட காயில் அழுக்கா இருக்கும், பழைய நான்-இன்வெர்ட்டர் ஏசியா இருந்தா கெபாசிட்டர் போயிருக்கும். கெபாசிட்டர் விலை சில நூறு ரூபாய்தான். எல்லா மெக்கானிக்கும் ஏமாத்தறாங்கன்னு நான் சொல்ல வரலை. வெயில் காலத்துல ஒரு நாளைக்குப் பத்து வீடு ஓடறவருக்கு, ஓட்டை தேடிக்கிட்டு இரண்டு மணி நேரம் உட்கார நேரம் கிடையாது. கேஸ் அடிச்சா அரை மணி நேரத்துல ரூம் சில்லுன்னு ஆயிடும், வாடிக்கையாளரும் சிரிச்ச முகமா காசு குடுப்பார்.

அடுத்த தடவை "கேஸ் கம்மி சார்"ன்னு யாராவது சொன்னா, பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "லீக் எங்கன்னு காட்ட முடியுமா?" குழாய் சேர்ற ஃப்ளேர் நட் பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு தெரியுதான்னு பார்க்கச் சொல்லுங்க. கேஸ் கசியற இடத்துல கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கசியும். நைட்ரஜன் அடைச்சு சோப்பு நுரை போட்டா குமிழி வர்ற இடம் தெரிஞ்சிடும். லீக்கைச் சரி பண்ண பிறகு வேக்கம் பம்ப் வச்சு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும். கடைசியா, யூனிட் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம் போட்டிருக்கோ அதை எடை மெஷின்ல வச்சு அளந்து அடிக்கணும். கேஜைப் பார்த்து உத்தேசமா அடிக்கிறது சரியில்லை. இப்போ வர்ற ஏசிகள்ல பெரும்பாலும் ஆர்-32 கேஸ். அது ஓரளவு தீப்பிடிக்கக் கூடியதுங்கறதால, தெரிஞ்சவங்கதான் கை வைக்கணும்.

ஆசிரியர் வீட்டுல ஒருத்தர் பொறுமையா பார்த்தப்போ, அவுட்டோர் யூனிட்ல ஒரு ஃப்ளேர் நட் பக்கத்துல பிசுக்கு இருந்தது. ஃப்ளேரைப் புதுசா போட்டு, வேக்கம் எடுத்து, எடை போட்டு கேஸ் அடிச்சார். 4,200 ரூபாய். ஒரு தடவைக்குன்னு பார்த்தா முன்னாடி குடுத்ததை விட அதிகம்தான். ஆனா அதுக்கப்புறம் இரண்டு கோடை போயிடுச்சு, கேஸ் பக்கமே போகலை.

நீங்களே பார்க்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. கடையில சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. ஏசியை 18-ல வச்சு, ஃபேன் ஸ்பீடை அதிகமா வச்சு கால் மணி நேரம் ஓடவிடுங்க. உள்ள போற காத்தோட வெப்பத்தை ஃபில்டர் பக்கத்துலயும், வெளிய வர்ற காத்தோட வெப்பத்தை வாய் பக்கத்துலயும் அளந்து பாருங்க. சுமாரா 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா கேஸ் பத்திக் கவலைப்பட வேண்டாம். சர்வீஸ் முடிஞ்ச அன்னிக்கு இந்த நம்பரைக் குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த வருஷம் வர்றவர் என்ன சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க உங்க கையில ஒரு ஓப்பனிங் பேலன்ஸ் இருக்கும்.

உங்க ஏசிக்கு ஒரு யூனிட் என்ன விலை?

இது என் ஏரியா. கரன்ட் பில் 4,154 ரூபாய், யூனிட் 756. வகுத்துப் பார்த்துட்டு "யூனிட்டுக்கு அஞ்சரை ரூபாய்தானே"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது சராசரி. ஏசி ஓடற யூனிட்டுக்கு அந்த விலை கிடையாது.

தமிழ்நாட்டுல 2022 செப்டம்பர் 10-ல வந்த வீட்டுக் கட்டணத்தை வச்சுக் கணக்குப் போடறேன். அதுக்கப்புறம் ரேட் கொஞ்சம் ஏறியிருக்கு, அதனால உங்க பில்லுல இருக்கற ரேட்டைப் போட்டுக்கோங்க. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள்ள இருந்தா அடுத்த 100-க்கு 2.25, அதுக்கடுத்த 200-க்கு 4.50, 401-லிருந்து 6 ரூபாய். 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.25 சலுகை போயிடும், 101-லிருந்தே 4.50. 501-லிருந்து 8, 601-லிருந்து 9, 801-லிருந்து 10, ஆயிரத்துக்கு மேல 11.

ஏசி இல்லாம 420 யூனிட் ஓடற ஒரு வீடு. பில் 1,245. கோடையில தினமும் 8 மணி நேரம் ஏசி, மணிக்கு சராசரி 0.7 யூனிட், 60 நாள். 336 யூனிட் கூடுது. மொத்தம் 756, பில் 4,154. ஏசியால வந்த கூடுதல் செலவு 2,909 ரூபாய். 336 ஆல் வகுத்தா யூனிட்டுக்கு 8.66. மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் மேல் தட்டுல இருந்து கழியும்ங்கறதால, நீங்க சேமிக்கிறது யூனிட்டுக்கு 9 ரூபாய். நாங்க இதை மார்ஜினல் காஸ்ட்ன்னு சொல்லுவோம். முடிவு எடுக்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

500-ஐச் சுத்தி இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். 500 யூனிட்டுக்கு பில் 1,725. 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! கணக்கெடுக்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி மீட்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்க.

எப்படி ஓட்டறது

ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மின் திறன் ஆணையமான பீஇஇ சொல்லுது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24-லயே ஆன் ஆகிற மாதிரி வர்றதும் இதனாலதான். 24-லிருந்து 26-க்குப் போய், மேல ஃபேனை மெதுவா சுத்தவிட்டா, மேலே சொன்ன வீட்டுக்கு சுமார் 40 யூனிட் மிச்சம், அதாவது 360 ரூபாய். வியர்வை காயறதுக்குக் காத்து ஓட்டம் போதும், 26 தாராளம். 18-ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கறவங்க நிறைய. இன்வெர்ட்டர் ஏசி முதல்ல எப்படியும் வேகமாத்தான் ஓடும். 18-ல வச்சா நடக்கறது என்னன்னா, அந்த வேகத்தைக் குறைக்கவே குறைக்காது.

ரூம் குளிர்ந்ததும் ஆஃப் பண்ணி, புழுங்கினதும் ஆன் பண்றதும் வேண்டாம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவா நிதானமா ஓடும்போதுதான் மிச்சம் பிடிக்கும். ஆஃப் பண்ணும்போது ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்க.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க "ஹாட் அண்ட் கோல்ட்" மாடல் பத்திக் கேட்டிருந்தீங்க. அது இதே பம்ப்பைத் திருப்பி ஓட்டறது. வெளிய இருக்கற சூட்டை உள்ள இழுக்கும். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் குடுக்கும், இது தோராயமா மூணு மடங்கு குடுக்கும். கடும் குளிர்ல அவுட்டோர் யூனிட் மேல பனி படிஞ்சா, அதை உருக்க சில நிமிஷம் சூடு நின்னுட்டு வரும், வெளிய ஆவி கூட தெரியும். ரிப்பேர்னு பயந்து யாரையும் கூப்பிடாதீங்க.

பராமரிப்பு

உள்ளே இருக்கற ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணியில அலசி, நிழல்ல காய வச்சு மாட்டுங்க. அடைச்ச ஃபில்டரால 10 சதவீதம் கூடுதலா இழுத்தாக்கூட, நம்ம உதாரண வீட்டுக்கு 34 யூனிட், 300 ரூபாய்க்கு மேல. ஐந்து நிமிஷ வேலைக்கு இது நல்ல சம்பளம்! ரொம்ப அடைச்சா காயில்ல ஐஸ் கட்டும். அதைப் பார்த்துட்டும் "கேஸ் கம்மி"ன்னு சொல்றவங்க உண்டு.

ஜெட் வச்சு பண்ற வாட்டர் சர்வீஸ் வருஷத்துக்கு ஒண்ணு, பிப்ரவரியிலேயே. போன தடவை நான் 600 குடுத்தேன். ஏப்ரல்ல ஆள் கிடைக்கறதும் கஷ்டம், அவசரமும் அதிகம். சர்வீஸ்ல டிரெயின் குழாயையும் ஊதிவிடச் சொல்லுங்க. இன்டோர் யூனிட்ல இருந்து சுவர்ல தண்ணி ஒழுகினா பெரும்பாலும் அதுல பாசி அடைச்சதுதான் காரணம்.

அவுட்டோர் யூனிட்டைத்தான் எல்லாரும் மறந்துடறோம். சூட்டைக் கொட்டற இடமே அதுதான். அழகுக்காக மரப் பலகை வச்சு மூடினாலோ, ஷாஃப்ட்டுக்குள்ள சுவரை ஒட்டி வச்சாலோ, தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். மெரினா, பெசன்ட் நகர், ஈசிஆர் மாதிரி கடலோரமா இருந்தா உப்புக் காத்து ஃபின்களை அரிக்கும். அங்க வருஷத்துக்கு இரண்டு தடவை நல்ல தண்ணியில கழுவறது காசுக்கு ஏத்த வேலை.

ஏஎம்சி போடலாமா?

வாரன்ட்டி இருக்கும்போது முழு ஏஎம்சி போடறது ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் கட்டற மாதிரி. "10 வருஷ வாரன்ட்டி"ன்னு பெருசா எழுதியிருப்பாங்க, அது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், கூலி, பிசிபி போர்டு அதுல சேருமான்னு கார்டை எடுத்துப் படிங்க. என் யோசனை, 42,000 ரூபாய் ஏசிக்கு மாசம் 350 ரூபாய் தனியா ஆர்டியில போடுங்க. பத்து வருஷத்துல வட்டி இல்லாமலே 42,000. நடுவுல ரிப்பேர் வந்தா அதுலயிருந்து எடுத்துக்கலாம். தனியா வேலை பார்க்கற மெக்கானிக்கிட்ட ஜிஎஸ்டி பில் கேட்டுச் சண்டை போடாதீங்க, வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வருமானம்னா பொதுவா அவர் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்லை. ஆனா என்ன வேலை, எத்தனை கிராம் கேஸ்னு ஒரு துண்டுச் சீட்டாவது கட்டாயம் வாங்குங்க.

கடைசியா, "பழைய 3 ஸ்டாரைத் தூக்கிட்டு 5 ஸ்டார் வாங்கலாமா?" ஏசிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சதால இந்தக் கேள்வி நிறைய வருது. ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. பழையதுல 1,050, புதுசுல 800-ன்னு வச்சுக்கோங்க. 250 யூனிட், 9 ரூபாய்ன்னா வருஷத்துக்கு 2,250. போட்ட 42,000 திரும்பி வர 18 வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் புது ஏசியே இருக்காது. நல்லா ஓடற ஏசியை ஸ்டாருக்காக மாத்த வேண்டாம். இதுவே எட்டு வருஷ ஏசியில காயில் ஓட்டையாகி, புதுக் காயிலுக்கு 12,000 கேட்டாங்கன்னா, அப்போ 42,000-ல இருந்து அந்த 12,000-ஐக் கழிச்சுட்டு மறுபடியும் இதே கணக்கைப் போடுங்க. மிச்சம் 30,000, திரும்பி வர 13 வருஷம். கூடவே, அந்தப் பழைய ஏசி இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு உங்க மெக்கானிக்கிட்ட நேரடியா கேட்டுடுங்க. இரண்டு வருஷம்தான்னு அவர் சொன்னா, 12,000-ஐ அதுல போடாம ஆர்டியை உடைச்சு புதுசு வாங்கறதுதான் சரி.