தெருவிலிருந்து மேடைக்கு: ‘சர்வம் தாளமயம்’ திரைப்படத்தில் இசைவழி மீட்சியும் தஞ்சை மிருதங்கத் தொழில் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றச் சூழலை விட்டு ராப் இசைக்கு வரும் நாயகனின் கதை உலகத் திரைப்படத்தில் தனி வகைமையாக நிலைபெற்றுள்ளது. இந்திப் படமான ‘கல்லி பாய்’ அவ்வகைமையைச் சார்ந்தது. அதனோடு ராஜீவ் மேனன் இயக்கிய ‘சர்வம் தாளமயம்’ படத்தை ஒப்பிட்டு, இசைவழி மீட்சிக்குத் தடையாவது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ராப், மிருதங்கம், தஞ்சாவூர், சாதி, குருகுல மரபு

முன்னுரை

அமெரிக்கப் படமான ‘ஹசில் அண்ட் ஃப்ளோ’ (2005), மெம்பிஸ் நகரத் தெருவாழ்விலிருந்து ராப் பாடகனாக உயர முயலும் ஒருவனைக் காட்டியது. இந்தியாவில் அக்கதைக்கூறு 2019 பிப்ரவரியில் இருவேறு வடிவங்களில் திரைக்கு வந்தது. மாதத் தொடக்கத்தில் ‘சர்வம் தாளமயம்’ வெளியாயிற்று. இரு வாரங்களில் ‘கல்லி பாய்’ வெளியாயிற்று.

தெருவே முதலாகும் இசை

சோயா அக்தர் இயக்கிய ‘கல்லி பாய்’ படத்தில் தாராவி இளைஞன் முராத், நண்பன் மொயினுடன் கார்த் திருட்டில் ஈடுபடுகிறான். பின்னர் ராப் இசையில் தன்னைக் கண்டடைகிறான். ராப் இசைக்கு விலையுயர்ந்த கருவியோ பரம்பரை உரிமையோ தேவையில்லை. தெருமொழியும் வறுமை அனுபவமுமே அதன் முதல். எனவே முராத் விட்டு விலகுவது குற்றத்தை மட்டுமே. தெருவை அவன் பாட்டிற்குள் எடுத்துச் செல்கிறான். வழிகாட்டியான எம்.சி. ஷேரும் அவனுக்குத் தோழனாகவே அமைகிறான்.

தெருவை விடக் கோரும் இசை

‘சர்வம் தாளமயம்’ நாயகன் பீட்டர் ஜான்சன், நடிகர் விஜயின் ரசிகன். கொண்டாட்டமும் அடிதடியுமாகத் திரிபவன், வேம்பு ஐயரின் வாசிப்பைக் கேட்டு மிருதங்கத்தின்பால் ஈர்க்கப்படுகிறான். அவனுக்குக் குருவின் இசைவு வேண்டும். சபையின் ஏற்பு வேண்டும். பூர்வீக ஊருக்குச் செல்லும் காட்சிகள், சாதிப் பாகுபாட்டை அவன் நேரில் உணர்வதைக் காட்டுகின்றன. அவனுக்குத் தடை, விட்டுவந்த தெரு அன்று, பிறந்த வீடே. அவன் தந்தை மிருதங்கம் செய்பவர்.

செய்வோரும் வாசிப்போரும்

இம்முரணின் வரலாற்றுக் களம் காவிரிப்படுகையாகும். பலாமரக் கட்டையில் குடையப்படும் மிருதங்கத்திற்குப் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் தேவை. வலந்தலையின் கரும்பூச்சு, கல்பொடியைச் சோற்றுடன் பிசைந்து இடப்படுவது. தோலைத் தொடும் தொழில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றின் மரபாயிற்று. மேடை பெரிதும் பிராமணர் வசமாயிற்று. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் உழைப்பு இருந்தது. டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) இத்தகைய குடும்பங்களின் வரலாற்றைப் பதிவு செய்தது. அந்நூல் வெளியீட்டிற்கு முதலில் அளித்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றமை, இப்பொருள் இன்னும் ஆறாத புண் என்பதை உணர்த்தியது.

பூச்சின் கனத்தையும் வாரின் இறுக்கத்தையும் நாதம் கேட்டே கைவினைஞர் அறுதியிடுகிறார். சுருதியறிந்த செவியின்றி இத்தொழில் நிகழாது. எனவே செய்தலைக் கைத்தொழில் என்றும் வாசித்தலைக் கலை என்றும் பிரிப்பது இசையறிவின் அடிப்படையில் எழுந்த பிரிவினையன்று. சமூகப் படிநிலையின் விளைவாகும்.

மீட்சியின் எல்லை

பீட்டரின் உயர்வைத் திரைப்படம் தொலைக்காட்சிப் போட்டியின் வழி நிறைவு செய்கிறது. சபை மறுத்த வாயிலை ஊடகம் திறக்கிறது. ஆயினும் மகன் வாசிப்பவனாக மாறியே மதிப்புப் பெறுகிறான். தந்தையின் செவியறிவு இசையறிவாக ஏற்கப்படவில்லை. ‘கல்லி பாய்’ முராத் தன் தெருவின் குரலுக்கே மேடை பெற்றுத் தருகிறான். பீட்டரின் வெற்றியோ தனிமனித வெற்றியாகச் சுருங்குகிறது.

முடிவுரை

ராப் கதைகளில் வறுமையும் குற்றமும் தடைகளாக, இசை விடுதலையாகிறது. மிருதங்கக் கதையில் விடுதலை தரவேண்டிய இசையின் அமைப்பிற்குள்ளேயே தடை உள்ளது. ஆகவே, மேடையேறியவரை மட்டும் கொண்டு இசைவழி மீட்சியை அளவிடுதல் பொருந்தாது. மேடைக்குரிய கருவியைச் செய்தவர் இசைவாணராக மதிக்கப்படுகிறாரா என்பதும் அதன் அளவுகோலாதல் வேண்டும்.