மலைக்கு மேலால் போகிற றெயின்

சுவிஸில் இருக்கிற எங்கள் சனம் வீட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால் கோயில் திருவிழா, கலியாண மண்டபம், சாமத்தியவீட்டு மண்டபம், இவைதான். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் லுசேர்ன் மரப்பாலத்துக்கும் றைன் நீர்வீழ்ச்சிக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் படமெடுத்து அனுப்புவோம். அவர்கள் விமானம் ஏறியதும் பழையபடி வேலையும் வீடும்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதற்குக் காரணம் இருந்தது. எங்களில் ஒருவர் 2012 இல் தனியாக இங்கு வந்தார். முதலில் ‘என்’ அட்டை, 2015 இல் ‘எஃப்’ அட்டை. அந்த அட்டையோடு குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் அப்போது மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சமூக உதவிப் பணம் எடுக்காமல் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்து, எல்லோருக்கும் போதுமான வீடும் எடுத்துக் காட்ட வேண்டும். மற்றவர் ஆறு வயது மகளோடு 2019 இல் சூறிச்சில் வந்திறங்கியபோது, தகப்பனைப் பிள்ளை கைத்தொலைபேசியில்தான் கண்டிருந்தது. மகன் இங்கு பிறந்தவன். ஏஜென்சிக் கடன், வட்டி, ஊரில் அம்மாவின் மருந்துக் காசு எல்லாம் போக மிச்சமிருந்தால்தானே உல்லாசப் பயணம்!

ஒருநாள் மகள் சொன்னாள்: “லீவு முடிஞ்சு போனால் எல்லாரையும் எங்கை போனனியள் எண்டு ரீச்சர் கேப்பா. நான் ஒவ்வொருமுறையும் மண்டபம் எண்டுதான் சொல்லுறன்.” பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை.

வேலையிடத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பெல்ற்றில் நிற்பவர் ஓர் இத்தாலியர், ஓய்வெடுக்கிற வயது நெருங்கியவர். அவருடைய தகப்பன் இங்கு பருவகாலத் தொழிலாளி. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, மிச்சம் மூன்று மாதம் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். படுப்பது மரக் கொட்டகையில். பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட அனுமதியே இல்லை. அந்தச் சட்டம் 2002 இல்தான் ஒழிந்தது. அனுமதி இல்லாமல் ஒளித்துக் கொண்டுவந்து அறைக்குள் பூட்டி வைத்து வளர்த்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இவரும் ஏழு வயதில் ஒரு கோடை முழுவதும் அப்படி இருந்தவராம். சத்தம் போடக் கூடாது, யன்னலுக்குக் கிட்டப் போகக் கூடாது. மூன்று வருடம் காத்திருந்த எங்கள் கதையைக் கேட்டபோது அவர் ‘பாவம்’ என்று சொல்லவில்லை. “அது எனக்குத் தெரியும்” என்றுதான் சொன்னார்.

அவர்தான் சொன்னார், லொகார்னோவுக்குப் போங்கள், ஆனால் புதுச் சுரங்கத்தால் போகாதீர்கள், பழைய மலைவழியால் போங்கள், அது எங்கள் ஆட்கள் வெட்டினது என்று.

2025 ஒக்டோபர் பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டோம். போக விரும்புபவர்களுக்காகச் செலவு விபரத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிக்கெற் தேவையில்லை. ஆறிலிருந்து பதினாறு வரையான பிள்ளைக்கு 30 பிராங்குக்கு ஓர் அட்டை எடுத்தால் தாயோடோ தகப்பனோடோ ஒரு வருடம் சும்மா போகலாம். பெரியவர்கள் அரைவிலை அட்டை வைத்திருந்தால், முற்கூட்டியே வாங்கும் சலுகை ரிக்கெற் இன்னும் மலிவு. ஆனால் சலுகை ரிக்கெற் அந்த றெயினுக்கு மட்டும்தான், இடையில் இறங்கி ஏற முடியாது. அதனால் ஐரோலோ வரை ஒன்று, அங்கிருந்து லொகார்னோவுக்கு ஒன்று என்று பிரித்து வாங்கினோம். போகவர நால்வருக்கும் 100 பிராங்குக்குள் முடிந்தது. ஒரு பிறந்தநாளுக்கு நாங்கள் மண்டபத்தில் வைக்கும் கேக்கின் விலையை வாசகர்களே அறிவீர்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்துதான். பாண், கட்டைச்சம்பல், அவித்த முட்டை, மீன் கட்லெற், பிளாஸ்கில் தேத்தண்ணி. ஒல்ரனில் ஏறி லுசேர்ன் தாண்டுவதற்குள் மகனுக்குப் பசி. பெட்டியைத் திறந்ததும் சம்பல் மணம் பெட்டி முழுக்கப் போனது. மகள் காதுக்குள் வந்து, “அம்மா, இதுக்குள்ளை திறக்காதேங்கோ, எல்லாரும் பாக்கினம்” என்றாள். உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. முன் இருக்கைக்காரர் தன் சீஸை வெட்டிக்கொண்டிருந்தார். அது மணக்காத மணமா! ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மூடி வைத்தோம். பன்னிரண்டு வயதில் அந்தப் பயம் எங்களுக்குத் தெரியாத பயம். அதைப் பேசித் தீர்க்க முடியாது. மகனுக்கு ஒரு கட்லெற்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தோம்.

ஏர்ஸ்ட்பெல்டுக்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. நேரே ஏற முடியாத இடங்களில் பாதை மலைக்குள் புகுந்து வட்டமடித்து மேலே வருகிறது. வாஸன் என்ற கிராமத்தில் ஒரு வெள்ளைத் தேவாலயம். முதலில் அது தலைக்கு மேலே தெரிகிறது. ஒரு சுரங்கம் கழிய நேருக்கு நேர் தெரிகிறது. மூன்றாம் முறை காலுக்குக் கீழே கிடக்கிறது. அந்தப் பக்கத்து யன்னலுக்கும் இந்தப் பக்கத்து யன்னலுக்கும் ஓடியே மகன் களைத்துப் போனான். மகளும் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பி நின்று பார்த்தாள்.

கோஷெனனில் பெரிய சுரங்கம் தொடங்குகிறது. நீளம் 15 கிலோமீற்றர். 1872 இல் வெட்டத் தொடங்கி 1882 இல் றெயின் ஓடியது. வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலானோர் வட இத்தாலியிலிருந்து வந்த கூலியாட்கள். உள்ளே வெக்கை, வெடிமருந்துப் புகை, முழங்கால் தண்ணீர், குடலில் புழு நோய். 1875 யூலையில் அவர்கள் கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். விபத்துகளில் மட்டும் ஏறத்தாழ 200 பேர் போனார்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் என்பவரும் 1879 இல் சுரங்கத்துக்குள்ளேயே நெஞ்சு வலித்து இறந்தார். நாங்கள் பத்து நிமிடமளவில் அந்த இருட்டைத் தாண்டிவிட்டோம்.

ஐரோலோவில் இறங்கினோம். நிலையத்தடியில் வின்சென்சோ வேலா என்ற சிற்பி செய்த வெண்கலச் சிற்பம் ஒன்று இருக்கிறது. இறந்துபோன தோழனைத் தொழிலாளர்கள் காவு தடியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சுரங்கம் திறந்து 50 வருடம் கழித்து, 1932 இல் அங்கே வைத்தார்களாம். காவிக்கொண்டு போகிறவர்களின் தோள்களைப் பார்த்து நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். ஊரில் இப்படித் தூக்கிக்கொண்டு போனவர்களை இரண்டு பேரும் கண்டவர்கள்தான். மகள் கேட்டாள், “இவையின்ரை பேர் எழுதேல்லையோ?” தனித்தனிப் பேர் அதில் இல்லை.

பக்கத்து வாங்கில் இருந்துதான் சாப்பிட்டோம். வெளிக்காற்றில் சம்பல் மணத்தைப் பற்றி மகள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள். அடுத்த றெயின் ஒரு மணித்தியாலம் கழித்து.

லொகார்னோவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நல்ல வெயில், பெரிய வாவி, விலை கூடிய ஐஸ்கிறீம். வாவிக் கரையில் மரங்களைக் கண்டதும் எங்களில் ஒருவர் “பனை!” என்று கத்திவிட்டார். பனையில்லை, கிட்டப் போனால் தும்பு சுற்றிய வேறு சாதி மரம். இருந்தாலும் அதற்குக் கீழே நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினோம். அம்மா உடனே எடுத்து, “அங்கையும் நுங்கு கிடைக்குமோ?” என்று கேட்டா.

திரும்பி வரும்போது 2016 இல் திறந்த புதுச் சுரங்கத்தால் வந்தோம். 57 கிலோமீற்றர், இருபது நிமிடமளவு ஓட்டம். யன்னலில் எங்கள் முகங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டும் நித்திரை. அதை வெட்டும்போதும் ஒன்பது தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

திங்கள் காலை ஐந்து மணி வேலைக்கு எங்களில் ஒருவர் போனதும் இத்தாலியர் முதல் கேட்டது தேவாலயத்தைப் பற்றித்தான். மூன்றும் மூன்று வேறு தேவாலயம் என்று மகன் அடம்பிடிப்பதைச் சொன்னோம். தன்னைத் தகப்பன் அந்தப் பாதையால் கூட்டிவந்தபோது தானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார். தகப்பன் திருத்தவில்லையாம்.