பழைய எஞ்சினுக்கு விலை கூடிய பெற்றோல் மருந்தாகுமா?

அண்மையில் கட்டுகஸ்தோட்டையில் எரிபொருள் நிரப்பும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். அதன் உரிமையாளரான பெரியவர், பம்பில் நின்ற இளைஞரிடம், "95 அடிங்க தம்பி. வயசான வண்டி, நல்ல எண்ணெய் ஊத்தினாத்தான் கடுகண்ணாவ ஏறும்" என்றார். வாகனத்தின் மீது அவருக்கு இருந்த பாசம் புரிந்தது. ஆனால் அந்த மேலதிகப் பணத்தால் காருக்குக் கிடைத்த நன்மை அநேகமாக ஒன்றுமில்லை.

92, 95 என்பவை பெற்றோலின் சக்தியைக் காட்டும் புள்ளிகள் அல்ல. எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் நெருக்கப்படும்போது, உரிய நேரத்துக்கு முன் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதையே ஒக்டேன் எண் சொல்கிறது. 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும். எஞ்சின் எந்தளவுக்கு நெருக்குகிறது என்பதை 'கொம்பிரஷன்' என்று கராஜில் சொல்வார்கள். அது கூடிய எஞ்சினுக்கே கூடிய ஒக்டேன் தேவை.

1948 இல் வெளிவந்த முதல் மொரிஸ் மைனரின் கொம்பிரஷன் விகிதம் ஏறத்தாழ 6.5 தான். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் அது ஓடியது, ஒக்டேன் 70 ஐச் சற்றே தாண்டிய பெற்றோலில். அதற்கு நமது 92 தாராளம். எண்பதுகள், தொண்ணூறுகளில் வந்த ஜப்பானிய கார்கள் பலவும் அந்நாட்டின் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அங்கு அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஒக்டேன் 89. பிந்திய மொரிஸ்களிலும் வேறு சில பழைய கார்களிலும் கொம்பிரஷன் 8.5 வரை போகும். ஏற்றத்தில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் முதலில் கியரைக் குறையுங்கள், பிறகு இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள். அதன் பின்னும் தட்டினால் 95 அடிப்பதில் நியாயம் உண்டு.

நுவரெலியா ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று 95 அடிப்பவர்களும் உண்டு. சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது. அதனால் எஞ்சினுக்குள் நெருக்கம் குறைகிறது, ஒக்டேன் தேவையும் குறைகிறது. காபரேட்டர் வண்டியில் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போவதால்தான் இழுவை குறைந்து கரும்புகை வருகிறது. எந்தப் பெற்றோலும் அதைத் தீர்க்காது.

பழைய எஞ்சின்கள் உண்மையில் இழந்தது ஈயத்தை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் அது சரியான முடிவே. ஆனால் அந்த ஈயம் வால்வு அமரும் இடத்தில் மெல்லிய படையாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. அது இல்லாதபோது, நீண்ட தூரம் வேகமாக ஓடினால், பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் மெல்லத் தேயும். 95 இலும் ஈயம் இல்லை. ஆகவே அடுத்த தடவை ஹெட் கழற்றும்போது கடினமாக்கப்பட்ட வால்வு சீட் போடச் சொல்லுங்கள். 95 க்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை அதற்குச் சேர்த்து வைக்கலாம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கதை வேறு. பழைய முச்சக்கர வண்டி, புல் வெட்டும் மெஷின், செயின்சோ போன்றவற்றில் பெற்றோலோடு கலக்கும் ஒயில்தான் எஞ்சினின் உயிர். 50 க்கு 1 என்று குறிப்பேட்டில் இருந்தால், ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் புகை கக்கும். கண்ணால் மட்டிட்டு ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்ட் வரை அது லீற்றர் 87 ரூபாய்க்குக் கிடைத்தது. டீசல் 430 ரூபாய். அந்த வித்தியாசத்தில் கலப்படம் செய்யும் ஆசை வந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயானது. ஆனாலும் 'பழைய எஞ்சின்தானே, தாங்கும்' என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. பழைய டீசல் பம்புக்குத் தனியான மசகு இல்லை. ஓடுகின்ற டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. லீற்றருக்குச் சில பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, கடைசியில் பம்ப் திருத்தப் பல்லாயிரம் கொடுக்க நேரும். அதைவிடப் பெரிய விடயம், அந்தப் புகை எங்கே போகிறது என்பது. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல அமைந்த கண்டியில் அது எளிதில் கலைவதில்லை. பாடசாலை வேனுக்குப் பின்னால் நடந்து வரும் நம் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.

2022 இல் வாங்கிய ஜெனரேட்டர்கள் பல வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் சும்மா கிடக்கின்றன. பெற்றோலை மாதக்கணக்கில் உள்ளே விட்டால் அது பிசினாகி காபரேட்டரை அடைத்துவிடும். பாவிக்காதபோது டாங்கியையும் காபரேட்டரையும் வடித்து வையுங்கள்.

வாகனத்தோடு வந்த குறிப்பேட்டில், எந்த ஒக்டேன், எவ்வளவு ஒயில் என்று எழுதியிருக்கும். அது தொலைந்திருந்தால், அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய அனுபவமுள்ள ஒரு பாஸிடம் கேளுங்கள். பம்பில் எழுதியிருக்கும் விலையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.