தொண்டைமானாற்றங்கரையில் ஓர் இராத் தங்கல்

மேல்நாட்டார் பலர் விடுமுறை வந்ததும் மோட்டார்க் காரின் பின்னே ஒரு சிறிய வீட்டையே பூட்டி இழுத்துச் சென்று, அயர்லாந்து முதலிய நாடுகளின் ஆற்றங்கரைப் பழம்பட்டினங்களருகே தங்குவர். அவ்வண்டிக்குக் ‘கரவன்’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து சென்ற அச்சொல் முதலிற் குறித்தது வண்டியை அன்று. வழித்துணையாகக் கூடிச் செல்லும் பயணிகள் கூட்டத்தையே.

அப்பொருளிற் பார்த்தால் எம்மவர்க்கு இது புதிதன்று. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. தொண்டைமானாறுங்கூட, வடமராட்சிக் கடனீரேரியைக் கடலோடு இணைக்கும் நீர்வழியே. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றுவதற்காக அதனை வெட்டுவித்தான் என்பது செவிவழி வரலாறு. அதன் கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில் விளங்குகின்றது. முன்னாளில் ஆவணித் திருவிழாவுக்குக் கூடார வண்டிகளில் வந்தோர், மாடுகளை அவிழ்த்து மரநிழலிற் கட்டி, மூன்று கல் கூட்டிப் பொங்கியுண்டு, மடங்களில் உறங்குவர். ‘அன்னதானக் கந்தன்’ எனப் போற்றப்படும் இத்தலத்தில் வந்தவர்க்குச் சோறிடும் வழக்கம் இன்றும் உண்டு. மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்துக்கு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடந்து செல்லும் அடியார் கூட்டமும் இங்கிருந்தே புறப்படுகின்றது.

சென்ற விடுமுறையில் எம் பிள்ளைகள், “அப்பா, நாங்களும் எங்கேயாவது முகாம் போட்டுத் தங்குவோமா?” என்று கேட்டனர். எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. ‘முகாம்’ என்னும் சொல் எம் தலைமுறைக்கு இன்பப் பொருள் தருவதன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்தபோது, பதின்வயதினராகிய நாமும் சைக்கிளிலே சட்டி பானைகளைக் கட்டி உருட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் நடந்தோம். பின்னர்ப் பல மாதங்கள் ஒரு பாடசாலை விறாந்தையே எமக்கு வீடாயிற்று.

சந்நிதிக்குப் போய் ஓரிரவு தங்குவோம் என்றதும் எம் அன்னையார் மறுத்தார். “இன்னொருக்கா வெளியில படுக்கிறதோ, தம்பி? எனக்கு ஏலாது,” என்றார். பேரப்பிள்ளைகளின் முகத்துக்காகவே இணங்கினார்.

மாலைப் பூசை கண்டு, அன்னதானப் பந்தியில் அமர்ந்து உண்டு, மடத்துத் திண்ணையிற் பாய் விரித்தோம். ஆற்றுக் காற்று வீசியது. அயலில் உறங்க வந்தவர்கள் யாரென்று அறியோம். ஆயினும் சிறிது நேரத்தில் உறவினர் போலாயினர். அன்னையார் 1995இன் கதையைப் பிள்ளைகளுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். அதுவரை எம்மிடமும் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

விடியற்காலையில் ஆற்றைப் பார்த்திருந்தவர் மெல்லச் சொன்னார்: “அண்டைக்கு விடியுமோ எண்டு கிடந்தம். இண்டைக்கு, விடிஞ்சிட்டுதே எண்டு இருக்கு.”

புறப்படுமுன் திண்ணையைக் கூட்டி, நாம் கொண்டுபோன பொலித்தீன் பைகளைப் பொறுக்கி மீளக் கொண்டுவந்தோம். வண்டியில் வந்த முன்னோர் கரையில் விட்டுச் சென்றது சாம்பலும் சாணமுமே. அவை மண்ணோடு மண்ணாயின. வாசகர்களும் தம் வீட்டு முதியோரை அழைத்துக்கொண்டு இவ்வாறு ஓரிரவு தங்கி வருவாராக. அச்சத்தால் வெளியிற் படுத்தவர்கள், ஒருமுறையேனும் விரும்பி வெளியிற் படுத்துறங்க வேண்டும்.