புன்னகைக்குப் பின்னே

அன்னை தெரஸாவின் படத்தைப் பார்க்காதவர் நம்மில் யார்? நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, சுருக்கம் விழுந்த முகம், அதில் மாறாத சிரிப்பு. "ஆண்டவரோடு நேரில் பேசுகிறவர் போலிருக்கிறது! இல்லாவிட்டால் இத்தனை சந்தோஷம் ஏது?" என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

விஷயம் அப்படி அல்ல என்பது 2007-ல் தெரிந்தது. அன்னை காலமாகிப் பத்து வருஷம் கழித்து, அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. தம் ஆன்ம குருமார்களுக்கு அவர் எழுதியவை. அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். நல்ல வேளை, அவர்கள் அழிக்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் உள்ளே ஒரே வறட்சி. ஆண்டவர் கைவிட்டுவிட்டாரோ என்று தோன்றும் இருட்டு. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய ஐம்பது வருஷம்! வாசித்தவர்கள் திகைத்துப் போனார்கள். "அப்படியானால் அந்தச் சிரிப்பு வேஷம்தானா?" என்று கேட்டவர்களும் உண்டு.

நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1946 செப்டம்பர் 10. கல்கத்தாவில் லொரேட்டோ மடத்துக் கன்னிகையாகவும் ஆசிரியையாகவும் இருந்த அவர், டார்ஜிலிங்குக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். ஏழைகளிலும் ஏழைகளிடம் போ என்று ஆண்டவர் அழைப்பதை அந்தப் பிரயாணத்தில் உணர்ந்தார். மனம் பொங்கி வழிந்தது. நாமாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கியிருப்போம்! அவரோ திரும்பி வந்து தம் ஆன்ம குருவிடம் சொன்னார். "பொறு" என்றார் அவர். ஆர்ச்பிஷப்பும் அவசரப்படவில்லை; கேள்விமேல் கேள்வி கேட்டார். ரோமாபுரியிலிருந்து அனுமதி வரவேண்டியிருந்தது. 1948 ஆகஸ்டில்தான் அன்னை மடத்துப் படி இறங்கினார். உணர்ச்சி உச்சத்தில் இருந்தபோதுகூட அதன் கையில் கடிவாளத்தைக் கொடுக்கவில்லை, பாருங்கள்.

வேலை ஆரம்பமானதும் அந்த இனிமை மறைந்துவிட்டது. 1950-ல் சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1952-ல் காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டியே, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஓர் இல்லம் திறந்தாயிற்று. வெளியே எல்லாம் ஜெயம், உள்ளே இருட்டு. 1958 அக்டோபரில், காலமான போப்பாண்டவர் 12-ம் பயஸுக்காக நடந்த பூசையில், ஓர் அடையாளம் வேண்டி மன்றாடினார். இருட்டு விலகியது. எத்தனை நாள்? சில வாரம்தான். பிறகு பழைய கதையே.

1961-ல் ஜோஸப் நொய்னர் என்ற யேசு சபைப் பாதிரியாரிடம் இதைத் திறந்து சொன்னார். அவர் மருந்து எதுவும் தரவில்லை. ஆண்டவர் உடனிருப்பதற்கு உணர்ச்சி ஒன்றே அத்தாட்சி அல்ல. இத்தனை ஏக்கம் இருப்பதே ஓர் அத்தாட்சிதான் என்று விளக்கினார். முன்பின் அறியாத ஒருவரைப் பிரிந்து யாராவது ஏங்குவார்களா? அதற்குப் பிறகும் இருட்டு நீங்கவில்லை. ஆனால் அதோடு மல்லுக்கு நிற்பதை அன்னை விட்டுவிட்டார்.

சரி, சிரிப்பு வேஷமா? 1942-லேயே அவர் ரகசியமாக ஒரு விரதம் எடுத்திருந்தார்: ஆண்டவர் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. மனம் இனித்தால் மட்டும் என்று அதில் ஷரத்து எதுவும் இல்லை. நடுநிசியில் குழந்தை அழுதால், "இப்போது எனக்குள் அன்பு பொங்குகிறதா?" என்று யோசித்துவிட்டா தாய் எழுந்திருக்கிறாள்? தூக்கக் கலக்கத்தில், சலித்துக்கொண்டேகூட எழுந்திருக்கிறாள். அதை வேஷம் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

கல்கத்தா தலைமை இல்லத்தின் ஜெபக்கூடம் சாலையைப் பார்த்தது. வண்டிச் சத்தம் ஓயாது. விடியற்காலையில் அங்கே ஸிஸ்டர்களோடு தரையில் உட்கார்ந்துதான் அன்னை ஜெபிப்பார். 1997-ல் அவர் கண் மூடியபோது சபையில் ஏறக்குறைய 4,000 ஸிஸ்டர்கள் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னை எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது, அவர்களில் அநேகமாக யாருக்குமே தெரியாது.